சிறு கோடு, ஒரு வி

ஆத்தூர் ரோட்டு சேகோ ஆலை எடைமேடையிலிருந்து
இரவு பதினொன்றேகாலுக்கு பர்வீன் அழைத்தாள்.
"அக்கா, வண்டி நம்பரே விழல.
வெறும் எடை மட்டும் வருது.
யாரோட கிழங்குன்னு எதுல எழுதறது?"

பின்னணியில் அர்த்தநாரியின் ஹாரன்.
அவருக்குப் பின்னால் இன்னும் ஆறு லாரி,
ஆறிலும் மரவள்ளி.
பிடுங்கிய நேரத்திலிருந்து
சத்து இறங்கிக்கொண்டே இருக்கும் மரவள்ளி.

செவ்வாய்ப்பேட்டையில்
வெல்ல மண்டிக்கு மேல் என் அறை.
மடிக்கணினியைத் திறந்தேன்.
எறும்புகள் விலகி வழிவிட்டன.

நிரலை எழுப்பும்போது அதன் காதில்
நாலைந்து சொல் சொல்லி அனுப்புவோம்.
எந்தத் தராசு, எந்தத் திரை, எந்த வண்டி.
சிறு கோடு, ஒரு வி,
அதையடுத்து வண்டி எண்ணின் கடைசி நாலு இலக்கம்.
வி என்றால் வண்டி.
இதில் யாருக்கு என்ன சந்தேகம்?

லைப்ரரிக்குச் சந்தேகமே இல்லை.
திரைப் பலகைக்காகப் புதிதாய்ச் சேர்த்தது அது.
முதல் வரியிலேயே அதை எழுப்புகிறோம்,
எழுப்பும்போது
வந்த சொற்களின் பட்டியலை அப்படியே
கையில் கொடுக்கிறோம், ஒரு மரியாதைக்கு.
அதன் ஊரில் வி என்றால் வெர்போஸ்.
வாயைத் திற, நடப்பதையெல்லாம் சொல் என்று பொருள்.
பின்னால் வரும் எண்
எவ்வளவு பேசலாம் என்பதற்கான அளவு.

அர்த்தநாரியின் லாரி 4418.

நாலாயிரத்து நானூற்றுப் பதினெட்டு பங்கு பேசியது.
போர்ட் திறந்தேன், போர்ட் திறந்தாயிற்று,
எழுத்துரு தேடினேன், கிடைத்தது, மறுபடி தேடினேன்.
ஒரு மணி நேரத்தில் டிஸ்க்கில் பாதி அதன் பேச்சு.
பேசி முடித்து,
வியையும் எண்ணையும் பட்டியலிலிருந்து கிழித்துவிட்டு
மிச்சத்தை எங்களிடம் நீட்டியது,
ஒன்றும் நடக்காத முகத்தோடு.

எந்தப் புண்ணியவான் எழுதியது
என்று கோப்பின் தலைப்புக்குப் போனேன்.
மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி.
என் பெயர்.

பயன்படுத்துகிறவருக்கு ஒரு வரி மிச்சம் என்று
அன்றைக்குப் பெருமையாய் இருந்தது.

அடிவாரத்தில் ஏற்காட்டு பஸ்ஸை நிறுத்தி
நாகலூருக்கு ஒரு கவர் கொடுத்தால்
கண்டக்டர் டிக்கெட் பைக்குள் செருகிக்கொள்வார்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
அதைப் பிரித்துப் பார்க்க அவருக்குத் தோன்றாது.
எனக்குத் தோன்றியிருக்கிறது, இருபத்துநாலு வயதில்.

முதலில் நினைத்தேன்,
நீளமாய் ஒரு பெயர் வைத்துவிடலாம்,
யாருடையதோடும் மோதாத பெயராக.
பிறகு நினைத்தேன்,
படிக்கட்டும், ஆனால் கிழிக்காமல் திருப்பித் தரட்டும்.
அப்புறம்
எதற்குப் படிக்க வேண்டும் என்று தோன்றியது.

நாற்பத்தொரு வரிகளை அழித்தேன்.

வாசலில் வந்த சொல்லை
வீட்டுக்காரன் கேட்டுக்கொள்வான்.
பேசு என்றால், இந்த அளவு பேசு என்று
உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவனே சொல்வான்.
ஒன்றும் சொல்லவில்லையா,
இருப்பதை வைத்துக்கொண்டு எழுந்து நில்.
சத்தமில்லாமல் நில்.

பன்னிரண்டு நாற்பதுக்கு பர்வீன்:
"விழுந்துருச்சு அக்கா. 4418,
பதினாறு டன் முந்நூற்றி இருபது.
ஆனா இப்ப ஒண்ணுமே பேச மாட்டேங்குது, பரவாயில்லயா?"

பரவாயில்லை என்றேன்.

ஓமலூர் கிரானைட் யார்டில்
மூன்று எடைமேடை இதே லைப்ரரியோடு ஓடுகிறது.
பழுது வந்தால் சிறு கோடு, ஒரு வி போட்டுப் பாருங்கள் என்று
நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.
தாளில் எழுதி
கண்ணாடியில் ஒட்டியும் வைத்திருக்கிறார்கள்.

காலையில் போன் வரும்.